டேபிள் எல்லாம் மனப்பாடம், வாயைத் திறந்தால் தப்பு

வானதி_திருச்சி:
பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். இப்போது ஒரு துணிக்கடையில் பில்லிங் வேலை, ராத்திரி வீட்டுக்கு வந்து ஆங்கிலம் படிக்கிறேன். ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட் என்று நௌன் ஐந்து வகையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், கோ வென்ட் கான் டேபிளும் அப்படித்தான். ஆனால் போன வாரம் ஒரு இன்டர்வியூவில் கம்ப்யூட்டர் ட்ரெய்னிங் போனீர்களா என்று கேட்டதற்கு "ஐ டிட் நாட் வென்ட்" என்று சொல்லிவிட்டேன். எதிரே இருந்தவர் முகம் மாறியதைப் பார்த்ததும் அதற்கப்புறம் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இன்னும் எதை மனப்பாடம் செய்ய வேண்டும்?

பழைய_வாத்தியார்:
இனிமேல் மனப்பாடம் வேண்டாம் அம்மா, இதற்கு விடை உங்கள் தமிழிலேயே இருக்கிறது. "போனேன்" என்பதை இல்லை என்று மாற்றிச் சொல்லுங்கள். "போகவில்லை" என்றுதானே வருகிறது, "போனவில்லை" என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லாதே. "இல்லை" வந்து சேர்ந்ததும் "போன" என்பது "போக" ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் டிட் வந்ததும் அதே கதைதான், காலத்தை டிட் எடுத்துக்கொண்டதால் வென்ட் திரும்பவும் கோ ஆகிவிடும். டிட் நாட் கோ. கேள்வி கேட்டாலும் டிட் யூ கோ.

மூன்றாவது ஃபார்முக்கும் ஒரு வழி சொல்கிறேன். "நான் போய்" என்று நிறுத்தினால் கேட்கிறவர் மீதியைச் சொல் என்று காத்திருப்பார். போயிருக்கிறேன், போயிருந்தேன் என்று "இரு" சேர்ந்தால்தான் பேச்சு முடியும். நம் இலக்கணத்தில் வினையெச்சம் என்று படித்திருப்பீர்கள். கான், சீன், டன் எல்லாம் ஏறக்குறைய அந்த ஜாதி, முன்னால் ஹேவ் அல்லது ஹேட் வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இதைச் சொன்னபோது "ஐ சீன்" என்று எழுதுகிற பிள்ளைகள் பாதியாகக் குறைந்ததை நானே பார்த்தேன்.

செந்தில்_கோவை:
சார் சொன்னது அருமை, ஆனால் ஒரு இடத்தில் இது காலை வாரும். "நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்" என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம், அதை அப்படியே கொண்டுபோய் "ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே" என்கிறோம். அங்கே வென்ட் போதும். நடந்து முடிந்தவை இரண்டு இருந்து அதில் முந்தியதைச் சொல்லும்போதுதான் ஹேட் வேண்டும். நான் ஸ்டேஷனுக்குப் போனபோது ட்ரெயின் கிளம்பிவிட்டிருந்தது என்றால் "த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்".

அப்புறம் டேபிளை ஏ, பி, சி வரிசையில் படிக்காதீர்கள். புட், கட், ஷட் மாறாதவை ஒரு கட்டு, சிங் சாங் சங், ட்ரிங்க் ட்ராங்க் ட்ரங்க் ஒரு கட்டு, பாட், ப்ராட், தாட் ஒரு கட்டு. காதில் விழுகிற ஓசையே நினைவில் நிறுத்தும்.

ரஹ்மத்:
நௌன் பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்த ஐந்து வகை பரீட்சைக்கு உதவும், பேசும்போது உதவுவது எண்ண முடியுமா முடியாதா என்ற ஒரே கேள்விதான். ரைஸ், வாட்டர் தொந்தரவே இல்லை, நாமும் அரிசிகள் என்று சொல்வதில்லை. நாம் "கள்" போடுகிற இடத்தில் ஆங்கிலம் போடாதபோதுதான் மாட்டிக்கொள்கிறோம். தகவல்கள் என்போம், அங்கே இன்ஃபர்மேஷன்தான். அறிவுரைகள் என்போம், அங்கே அட்வைஸ்தான். ஃபர்னிச்சர், லக்கேஜ், ஈக்விப்மென்ட்டும் அப்படியே, கடைசியில் எஸ் கிடையாது, முன்னால் "ஆன்" அல்லது "எ" கிடையாது. ஒன்று என்று சொல்லியே ஆக வேண்டுமென்றால் எ பீஸ் ஆஃப் அட்வைஸ்.

நான் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் இரண்டு வருஷம் ரெஜிஸ்டரில் "லக்கேஜஸ்" என்றே எழுதினேன். ஒருநாள் தங்க வந்த ஒரு வயதான அம்மா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, கடைசி எஸ்ஸை மட்டும் மெல்ல அடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அவரை இன்றுவரை மறக்கவில்லை.

வானதி_திருச்சி:
எல்லோருக்கும் நன்றி. போகவில்லை, வரவில்லை, பார்க்கவில்லை என்று பத்து வினையை எழுதி, பக்கத்திலேயே டிட் நாட் கோ, கம், சீ என்று எழுதிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒரு சந்தேகம் மட்டும். "ஹி டஸ் நாட் கம்ஸ்" என்று என் கூட வேலை செய்கிற அக்கா சொல்கிறார், அதுவும் இதே தப்புதானா சார்?

பழைய_வாத்தியார்:
அதேதான். டிட் காலத்தை எடுத்துக்கொண்டது போல டஸ் அந்த எஸ்ஸை எடுத்துக்கொண்டுவிட்டது. டஸ் நாட் கம். அந்த அக்காவையும் உங்கள் பத்து வினையோடு உட்கார வையுங்கள்.