அம்மாயியோடு ஹங்வெல்லைக்கு

குழு: அம்மாயி வீடு, டிக்கோயா

தேவி (இரவு 7.10): எல்லோரும் வேலை முடிந்து வந்திருப்பீர்கள். ஹங்வெல்லை லெஷர் வேர்ல்ட் விளையாட்டுப் பூங்காவுக்குப் போகிற பயணத்தை இன்றைக்கே முடிவு பண்ணிவிடுவோம். மார்ச் 15, ஞாயிறு. 10ஆம் திகதி சம்பளம் கைக்கு வந்துவிடும். ஞாயிறு என்பதால் யாருக்கும் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகாது.

குமார் (7.14): ஏப்ரல் லீவில் வைக்கலாமே அக்கா?

தேவி (7.16): ஏப்ரலில் பின்னேரமானால் இடியும் மழையும், தம்பி. வருசப் பிறப்புக்குச் சனமும் குவியும். மே பிறந்தால் கித்துல்கல பக்கம் மழை விடவே விடாது. மார்ச்தான் சரி.

பிரகாஷ் (7.18): அம்மா, 4 மணிக்குக் கிளம்பினால் கேட் திறக்கும்போதே நிற்கலாம். ஏறி விளையாட 14 ரைட் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். சாப்பாட்டை வரிசையில் நின்றபடியே முடித்துவிடலாம்.

தேவி (7.31): மகன், போன வருசம் நுவரெலியா கிரகரி வாவிக்குப் போனபோது எடுத்த படம் உன் போனில் இருக்கிறதா? எல்லோரும் அன்னப் படகில் சிரித்துக்கொண்டு நிற்போம். இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பார். சீமெந்துக் கட்டில் அம்மாயி உட்கார்ந்திருப்பார். மடியில் இரண்டு பை, காலடியில் நம் எல்லோருடைய செருப்பும் சோடி சோடியாக. காலை பத்திலிருந்து பின்னேரம் நாலு வரைக்கும் அங்கேயேதான். ‘போய் வாங்க, நான் பார்த்துக்கிறேன்’ என்றார், நாமும் போய்விட்டோம். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. இந்த முறை அப்படி நடக்கக்கூடாது. நாலைந்து ரைட் போதும். பையை ஆளுக்கொரு மணித்தியாலம் பார்ப்போம்.

பிரகாஷ் (7.40): படத்தைப் பார்த்தேன் அம்மா. செருப்பில் இருந்த சேற்றைக்கூட துடைத்து வைத்திருக்கிறார். பட்டியலை அழித்துவிட்டேன்.

குமார் (7.44): அப்போ 6 மணிக்குக் கிளம்பலாம். ஹட்டனிலிருந்து அவிசாவளைக்கே 70 கிலோமீட்டருக்கு மேல். கினிகத்தேனை இறக்கத்தில் காலைப் பனி இருக்கும், நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். யாழினி முன் சீட்டில் உட்காரட்டும். வாந்தி வந்தால் இஞ்சியும் உப்பும் கையில் இருக்கட்டும்.

யாழினி (7.45): நன்றி மாமா.

சாந்தி (7.52): சாப்பாடு என் பொறுப்பு. தேங்காய் ரொட்டி 30 சுடுகிறேன். சுட்டவுடன் டப்பாவில் அடைத்தால் ஆவியில் வேர்த்து நொந்துவிடும். சுளகில் பரப்பி, ஆறிய பிறகுதான் கட்ட வேண்டும். தேங்காய்ச் சம்பல் வேண்டாம், கீழ்நாட்டுச் சூட்டுக்கு 11 மணிக்கே புளித்துவிடும். தேங்காய் சேராத கட்டா சம்பல் தாங்கும். பருப்பு வடை, கடலைச் சுண்டல், பிளாஸ்கில் இஞ்சிப் பிளேன்டீ. காலைச் சாப்பாட்டைக் கித்துல்கலையில் ஆற்றோரமாக நிறுத்தி, உட்கார்ந்து சாப்பிடுவோம். அவசரம் இல்லை.

குமார் (7.55): யட்டியந்தோட்டைப் பக்கம் தம்பிலி இளநீர் என் செலவு.

தேவி (8.01): நல்லது. வயிறு நிரம்பச் சாப்பிட்டுவிட்டு உடனே சுற்றுகிற ரைடில் ஏறாதீர்கள். முதலில் ஏறுகிறதை ஏறி முடிப்போம். அப்புறம் மத்தியானச் சாப்பாடு, கொஞ்சம் நிழல், பிறகு தண்ணீர். 4,000 அடிக்கு மேல் குளிரில் இருக்கிற நமக்கு அந்த வெயில் தலையைப் பிளக்கும். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் எல்லோருக்கும். சின்னவனை உயரம் அளந்துதான் சிலதில் ஏற்றுவார்கள், இப்போதே சொல்லி வையுங்கள், அங்கே அழக்கூடாது.

யாழினி (8.09): பெரியம்மா, அம்மாயி பக்கத்தில்தான் இருக்கிறார். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ரோலர் கோஸ்டர் வீடியோ ஒன்றையும் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சின்னப் பிள்ளையில மேல் மலையிலிருந்து கொழுந்து மூட்டையைக் கம்பியில கொக்கி போட்டு விடுவாங்க. விர்ருன்னு தேயிலை ஸ்டோருக்கு இறங்கும். நாம கூடையோட நடந்து இறங்கணும். அந்த மூட்டையோட நானும் ஒரு தடவை போகணும்னு ஆசையா இருக்கும்.”

சாந்தி (8.11): அம்மா இதை ஒரு நாளும் எங்களுக்குச் சொன்னதில்லையே.

பிரகாஷ் (8.15): அம்மாயியிடம் சொல், யாழினி. ரோலர் கோஸ்டரும் அந்தக் கம்பி மாதிரிதான். உச்சிவரைக்கும் சங்கிலி இழுத்து ஏற்றும். அப்புறம் இஞ்சின் கிடையாது, தன் பாரத்திலேயே ஓடி இறங்கும்.

தேவி (8.20): அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது. ரோலர் கோஸ்டருக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் அங்கே மெதுவாக ஓடுகிற ஆறு மாதிரி ஒரு குளம் இருக்கிறது. டியூபில் உட்கார்ந்தால் தண்ணீரே கொண்டுபோகும், கால் கை அசைக்கத் தேவையில்லை. கிளினிக் போகும்போது டொக்டரிடம் கேட்கிறேன். சரி என்றால் நான் ஒரு பக்கம், சாந்தி ஒரு பக்கம்.

சாந்தி (8.22): நான் வருவேன் அக்கா. ஆனால் சேலையோடு தண்ணீருக்குள் இறங்க முடியாதே, காலில் சுற்றிவிடும்.

தேவி (8.24): நைலோன் உடுப்புதான் வேண்டும். நீளக் கை சட்டையும் கணுக்கால் வரைக்கும் காற்சட்டையும் ஹட்டன் டவுனில் தேடிப் பார்க்கிறேன். அம்மா ஒத்துக்கொள்வாரா?

பிரகாஷ் (8.26): பை காவல் முதல் மணித்தியாலம் நான்.

குமார் (8.26): இரண்டாவது நான்.

யாழினி (8.33): பெரியம்மா, உடுப்பைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இப்போது கேட்கிறார், நீலத்தில் கிடைக்குமா என்று.