சார்ஜ் ஏறாத பழைய டேப்லெட்: பேட்டரி போய்விட்டது என்று முடிவு செய்யலாமா?

கேள்வி: ஏட்டுச்சுவடி

என்னிடம் மைக்ரோ யூஎஸ்பி துளை கொண்ட பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று இருக்கிறது. மின்னூல் படிக்கவும் படித்ததைக் குறித்து வைக்கவும் மட்டுமே அதைப் பயன்படுத்தி வந்தேன். சில மாதங்கள் அலமாரியில் கிடந்ததை இப்போது எடுத்துச் சார்ஜரில் இணைத்தால், வெற்றுப் பேட்டரியின் படம் திரையில் தோன்றுகிறது, சில நொடிகளில் மறைகிறது, மறுபடியும் தோன்றுகிறது. இரவு முழுவதும் விட்டு வைத்தாலும் இதே கதைதான். கைபேசியின் சார்ஜரை மாற்றிப் போட்டும் பலனில்லை. குறிப்புகள் அடங்கிய கோப்புகளுக்கு வேறெங்கும் நகல் இல்லை என்பதுதான் என் கவலை. பேட்டரியை மாற்றியே ஆக வேண்டுமா, அதற்கு முன் பார்க்க வேண்டியவை ஏதேனும் உண்டா?

பதில் 1: செம்புக்கம்பி

சார்ஜரை மாற்றியதாகச் சொல்கிறீர்கள், கேபிளையும் மாற்றினீர்களா? மைக்ரோ யூஎஸ்பி இணைப்பில் பிடித்துக்கொள்ளும் சிறு கொக்கிகள் கேபிளின் முனையில்தான் இருக்கின்றன. தேய்மானம் கருவியைத் தாக்காமல் கேபிளோடு போகட்டும் என்றே அவ்வாறு வடிவமைத்தார்கள். ஆகவே முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளைத்தான். துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சும் தூசியும் அடைத்திருந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம்; ஊசி, குண்டூசி போன்ற உலோகப் பொருள்கள் வேண்டாம்.

பதில் 2: மின்னளவன்

படம் தோன்றி மறைவதே நமக்கு ஒரு துப்பு. கொஞ்சமாவது மின்சாரம் உள்ளே போகிறது என்பது அதிலிருந்து தெரிகிறது. துளை முழுவதும் செத்துப்போயிருந்தால் திரை இருட்டாகவே கிடந்திருக்கும்.

லித்தியம் அயனி பேட்டரி முழுமையாக ஏறியிருக்கும்போது அதன் மின்னழுத்தம் சுமார் 4.2 வோல்ட். மாதக்கணக்கில் கிடந்து அது 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டால், உள்ளே இருக்கும் சார்ஜிங் சில்லு முழு மின்னோட்டத்தை அனுமதிக்காது. வழக்கமான அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டும் கொடுத்து, பேட்டரி தேறுகிறதா என்று பார்க்கும். அந்தச் சொற்ப வரவில் திரை ஒளிர்ந்து படம் காட்டியதும் வரவைவிடச் செலவு மிகுந்துவிடுகிறது, மின்னழுத்தம் சரிகிறது, கருவி அணைகிறது. நீங்கள் பவர் பொத்தானை அழுத்திப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் சேர்ந்த கொஞ்சமும் கரைந்துவிடும் என்பதால், சில மணி நேரம் அதைத் தொடாமல் விடுங்கள்.

ஆனால் இரவு முழுவதும் விட்டும் தேறவில்லை என்றால், வரவே போதவில்லை என்று பொருள். கணினியின் யூஎஸ்பி 2.0 துளை அதிகபட்சம் 500 மில்லிஆம்பியர்தான் தரும். இவ்வகை டேப்லெட்டுகள் பலவற்றுக்கு 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் தரும் சார்ஜர் வேண்டும். சார்ஜர் நல்லதாக இருந்தாலும் கேபிள் கெடுத்துவிடும். மெல்லிய, நீளமான கேபிளின் மின்தடை கால் ஓம் இருந்தாலே, 2 ஆம்பியர் பாயும்போது அரை வோல்ட் வழியிலேயே தொலைந்து, டேப்லெட்டைச் சேர்வது 4.5 வோல்ட்டாகக் குறையும். குட்டையான, தடித்த கேபிளைப் போடுங்கள். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே செருகும் சிறிய யூஎஸ்பி மீட்டர் கிடைத்தால் ஊகங்களுக்கே வேலை இருக்காது.

பதில் 3: பழுதுக்காரன்

பழைய பேட்டரியைக் கழற்றி, வெளியிலிருந்து நேரடியாகச் சற்று நேரம் மின்சாரம் கொடுத்தால் உயிர் வந்துவிடும். பலர் செய்வதுதான்.

பதில் 4: மின்னளவன்

நண்பர் மன்னிக்க வேண்டும், வீட்டில் யாரும் அதைச் செய்யக் கூடாது. மிக ஆழமாக வடிந்துபோன லித்தியம் பேட்டரியில், எதிர்மின் (மைனஸ்) முனையில் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மீண்டும் சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு உள்ளேயே படிந்து குறுக்குச்சுற்றை உண்டாக்கக்கூடும். பாதுகாப்புச் சுற்று வழியை அடைத்து வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்; அதைத் தாண்டி மின்சாரம் செலுத்துவது தீயை வரவழைக்கும் வேலை.

கேள்வி கேட்டவர்: ஏட்டுச்சுவடி

இருவருக்கும் நன்றி. துளையில் பஞ்சு அதிகம் இல்லை. மீட்டரை வைத்துப் பார்த்தபோது பழைய கேபிளில் 0.1 ஆம்பியரைக்கூடத் தொடவில்லை. தடித்த கேபிளை மாற்றியபின் முதலில் அதே அளவில் நின்று, பிறகு 1 ஆம்பியரைத் தாண்டியது. டேப்லெட்டும் இயங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே கேபிளை எடுத்தால் உடனே அணைந்துவிடுகிறது. 2 ஆம்பியருக்கு மேல் தரக்கூடிய சார்ஜரைப் போட்டால் சரியாகுமா? அது கருவியைக் கெடுத்துவிடுமா?

பதில் 5: மின்னளவன்

கெடுக்காது, 5 வோல்ட்டிலேயே இருக்கும்வரை, கருவி தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே இழுத்துக்கொள்ளும். ஆனால் பயனும் இராது. கேபிளை எடுத்ததும் அணைவது பேட்டரியின் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு அதன் உள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, ஏறிவிட்டதன் அடையாளம். அது காட்டும் சதவீதத்தையும் இனி நம்ப வேண்டாம். ஆக, கேபிள், பேட்டரி இரண்டுமே பழுது. கேபிளை மாற்றியதால் பேட்டரியின் நிலை வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

சமதளமான மேசையில் டேப்லெட்டைப் படுக்க வைத்து ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள். அது ஆடினாலோ, திரை விளிம்பில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது; அப்போது சார்ஜ் செய்வதை அந்த நொடியே நிறுத்திவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பேட்டரியை மாற்றிய பிறகு கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பில் சேர்க்க வேண்டும்.

உப்பல் இல்லையென்றால், சார்ஜரோடு இணைத்தபடியே, நீங்கள் அருகில் இருக்கும்போதே கோப்புகளை எடுத்துவிடுங்கள். இருக்கும் ஒரே துளையைச் சார்ஜர் பிடித்துக்கொள்வதால் கணினியோடு இணைக்க முயல வேண்டாம். திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, மெமரி கார்டு போடும் இடம் இருந்தால் அதற்கும், இல்லாவிட்டால் வைஃபை வழியாக வேறொரு கருவிக்கும் நகலெடுங்கள். குறிப்புகள் முதலில் போகட்டும். மின்னூல்களை மறுபடியும் தரவிறக்கிக்கொள்ளலாம்.