ராடார் காட்டுற மழையளவை கேஜோட (தரையில இருக்குற மழைமானி) சரிபார்த்தப்ப நடந்த அனுபவம் இருந்தா சொல்லுங்க

கெடிலக்கரை:
கெடிலம் ஆத்துக்கு ரன்ஆஃப் மாடல் (பெய்யுற மழைக்கு ஆத்துல எவ்ளோ தண்ணி ஓடும்னு போடுற கணக்கு) ஓட்டிட்டு இருந்தேன், வழக்கம்போல கேஜ் மொத்தத்தை ராடார் மொத்தத்தால வகுத்து பயாஸ் (ராடார் மழையைப் பெருக்க வேண்டிய திருத்த ஃபேக்டர்) எடுத்தா 0.6 வருது. எப்பவும் ஒண்ணுக்கு மேலதான் வரும். சரி, இன்னைக்கு ராடார் கூட்டிக் காட்டுது போலன்னு மழையைக் குறைச்சிட்டேன். மாடல்ல ஆறு சாதுவா போகுது, பண்ருட்டி பக்கத்துலேர்ந்து சித்தப்பா போன் போட்டு "கொல்லைக்குள்ள தண்ணி வந்துடுச்சும்மா"ங்குறாரு. இருந்த நாலு கேஜ்ல ஒண்ணு ராத்திரி பூரா ஜீரோ. காலைல நேராவே போய் பார்த்தேன். புனல் நிறைய தண்ணி, அடியில வேப்பிலை ஊறிப்போய் அடைச்சிருக்கு. ஈர்க்குச்சியால ஒரு குத்து குத்துனேன், உள்ள மழையை அளக்குற குட்டி பக்கெட் டக் டக்னு சாய ஆரம்பிச்சிடுச்சு. மழை விட்டு ஆறு மணி நேரம் ஆகுது. அந்த சத்தம் இன்னும் காதுலயே இருக்கு.

முத்தியால்பேட்டை:
அக்கா, இலையை மட்டும் குத்தம் சொல்லாதீங்க, ஆறு முழுக்க ஒரே ஃபேக்டரை போட்டதும் தப்புதான். ஃபெஞ்சல் புயல்ல, 2024 டிசம்பர் 1 காலை 8.30 வரைக்கும் 24 மணி நேரத்துல புதுச்சேரில 48.4 செ.மீ. எங்க வீட்டு மூணாவது படி முங்கிடுச்சு, கையில போன்ல ராடார் படத்தைப் பார்த்தா பெருசா சிவப்பே இல்ல. புயல் மழைல துளி சின்னது, எண்ணிக்கைதான் ஜாஸ்தி, அதனால ராடாருக்கு எதிரொலி கம்மியாத்தான் வரும். 40 டிபிஇசட்டுக்கு (எதிரொலியோட பலத்தைச் சொல்ற அலகு) எதிரொலியை மழையா மாத்துற பழைய மார்ஷல்-பால்மர் சூத்திரம் மணிக்கு 11.5 மி.மீ.ங்குது, வெப்பமண்டல மழைக்குப் போடுற சூத்திரம் 21.6ங்குது. அதே எதிரொலிதான், மழை கிட்டத்தட்ட ரெட்டிப்பு.

மழைக்கணக்கு:
நான் மழைமானி அளவு எடுத்த ஆளு தம்பி. கேஜையே முழுசா நம்பாதீங்க. தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியக்காலை கரையேறுனப்ப மழை மேலேர்ந்து விழல, பக்கவாட்டுல அடிச்சுது. சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு போய் பாட்டிலை எடுத்தேன், என் சட்டையைப் பிழிஞ்சா அதைவிட ஜாஸ்தி வந்திருக்கும். ஆனா எழுத வேண்டியது பாட்டில்ல இருந்ததைத்தானே, எழுதினேன். அந்த நம்பரை யாரு எதோட வகுத்தாங்களோ.

பரவனாறு:
நான் ஒரு தடவ மழை கம்மியா இருக்குறது தெரியாம கர்வ் நம்பரை (மழைல எவ்ளோ மண்ணுல இறங்காம ஓடும்னு காட்டுற எண்) ஏத்தி ஏத்தி ஓட்டத்தை ஒப்பேத்திட்டேன், அடுத்த மழைக்கு மாடல் ரெண்டு மடங்கு வெள்ளம் காட்டுச்சு, அவ்ளோதான் என் கதை. ஆனா எல்லாரும் இதை செய்யுங்க: சுத்தி மூணு கேஜ்ல மழை இருந்து நடுவுல ஒண்ணு மட்டும் ஜீரோன்னா ஃபேக்டர் போடுறதுக்கு முன்னாடியே அதைத் தூக்கிடுங்க. ராடார்லேர்ந்து 100 கி.மீ. தள்ளி இருந்தா அரை டிகிரி சாய்வுல போற ராடார் கற்றையே தரைக்கு ஒன்றரை கி.மீ. உசரத்துல போகுது, அதுக்குக் கீழ கூடுற மழை அதுக்குத் தெரியவே தெரியாது, அதனால தூரத்தைப் பொறுத்து திருத்தம் மாறணும். காலை 8.30க்கு எடுக்குற நாள்கணக்கை வச்சு மணிக்கணக்கைத் திருத்தாதீங்க, உச்ச வெள்ளம் இடம் மாறிடும். மழைய சரி பண்ணிட்டு அப்புறமா மண்ணுல கை வைங்க.

கெடிலக்கரை:
மூணு கேஜ் விஷயம் இப்ப செய்யுறேன் அண்ணா. கேஜை மரத்தைவிட்டு தள்ளி வைக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன், இன்னும் அங்கயேதான் இருக்கு. அனுமதி வாங்கி ஐப்பசி பொறந்ததுலேர்ந்து வாராவாரம் சித்தப்பாவே போய் புனலைத் துடைச்சிட்டு போட்டோ அனுப்புறாரு.