மறுமொழி: வண்டியின் அடியில் கேட்கும் சத்தத்துக்குத் ‘தளர்வொலி’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பிக்கப் வண்டிகளுக்கான பழுதுநீக்கக் கையேட்டில், வண்டியின் அடியிலிருந்து ‘கடக்’ என்று ஒரே முறை கேட்டு அடங்கும் சத்தத்துக்குத் ‘தளர்வொலி’ என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. சொல் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், வண்டிக்கு அடியில் யாரும் குனிந்து பார்ப்பதற்கு முன்பே, ஏதோ ஒன்று தளர்ந்துவிட்டது என்ற தீர்ப்பை அது எழுதிவிடுகிறது. அந்தத் தலைப்பைப் படிக்கும் இளம் பணியாளர், ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் பட்ட நட்டுகளையெல்லாம் முறுக்குவதில் இறங்கிவிடுவார்.

இது வெறும் ஊகமன்று. இராமேசுவரத்திலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றிச் செல்லும் என் மைத்துனரின் வண்டியில் இதுவேதான் நடந்தது. பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போதும், நின்ற வண்டி கிளம்பும்போதும் அடியில் ‘கடக்’ என்று கேட்டது. முதலில் பார்த்த பட்டறையில், அச்சையும் வில்பட்டைகளையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகளை இறுக்கி அனுப்பிவிட்டார்கள், சத்தம் குறையவில்லை. பிறகு இராமநாதபுரத்தில் பார்த்த முதிய மேஸ்திரி எடுத்த எடுப்பில் வண்டியைத் தொடவே இல்லை. “சத்தம் எப்ப வருது மாப்ள? கெளம்பும்போதா, நிக்கும்போதா, பள்ளத்துல எறங்கும்போதா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியின் வரிசையில்தான் கையேட்டின் அந்த அத்தியாயமே அமைய வேண்டும் என்பது என் கருத்து.

பாலத்தில் கேட்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 1988ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில், வெப்பத்தால் நீண்டு சுருங்குவதற்கென்று விடப்பட்ட ஒவ்வோர் இணைப்பிலும் முன் சக்கரம் ஓர் அடியும் பின் சக்கரம் ஓர் அடியும் வாங்குகின்றன. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். இரண்டு அச்சுகளுக்கும் இடையே சுமார் 3 மீட்டர் இருக்கும் வண்டியில், இரண்டு அடிகளுக்கும் நடுவே ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு இடைவெளி விழுகிறது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ‘கடக்’ முதல் அடியோடு வருகிறதா, இரண்டாவது அடியோடு வருகிறதா என்று பிரித்தறிந்துவிடலாம். இரண்டாவதோடு வந்தால் தேட வேண்டிய இடம் பின்புறம். (கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், காற்று வீசும் அந்தப் பாலத்தின் நடுவே வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பார்ப்பது வேண்டாத வேலை.)

பின்புறம் என்று தெரிந்ததும், மேஸ்திரி சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்துவிட்டு, வண்டியின் சுமையைத் தாங்கும் வில்பட்டையின் கண்ணுக்கும் (வளையமாகச் சுருட்டிய நுனிக்கும்), அதைச் சட்டத்தோடு தொங்கவிடும் ஷாக்கிள் தகட்டுக்கும் இடையே ஒரு கடப்பாரையை நுழைத்து நெம்பினார். கண் அரை விரல் அளவுக்கு நகர்ந்து திரும்பியது. சுற்றிலும் செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்த தகட்டில் ஒரு காசளவு இடம் மட்டும் வெள்ளி போல் மின்னியது. இரும்பும் இரும்பும் நாள்தோறும் மோதும் இடத்தில் துரு தங்குவதில்லை. சத்தத்தின் முகவரி அதுதான். மீன்பெட்டியின் பனிக்கட்டி கரைந்து வடியும் உப்புத் தண்ணீர் தொட்டியின் இடுக்கு வழியாக நேரே பின்பட்டைகளின் மேல் விழுகிறது. பட்டையின் கண்ணுக்குள் பொருத்திய ரப்பர் உறையான புஷ்ஷின் உள்குழாய் போல்ட்டோடு துருவேறி ஒட்டிக்கொள்கிறது, துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு ரப்பரை நெருக்குகிறது, சுமை ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த ரப்பர் திருகித் திருகிக் கடைசியில் கிழிகிறது. கடலோரத்து மீன் வண்டிகள் பலவற்றுக்கும் இதுவே கதை. 2017ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டதால் சக்கரம் மணலில் புதைவது குறைந்திருக்கலாம், உப்புக்காற்று குறையவில்லை.

இதுவரை ‘தளர்வொலி’யை முன்மொழிந்த நண்பரின் பக்கமே நியாயம் இருப்பதுபோல் தெரியும். புஷ்ஷை மாற்றியதும் பாலத்தில் கேட்ட சத்தம் நின்றது. கிளம்பும்போது கேட்ட சத்தம் நிற்கவில்லை.

நான் வற்புறுத்த விரும்புவது இந்த இரண்டாவது சத்தத்தைத்தான். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டில், ஒன்றுக்குள் ஒன்று பற்களோடு நுழைந்து நீளவும் குறுகவும் வல்ல ஒரு பகுதி உண்டு. பட்டறையில் ஸ்லிப் ஜாயின்ட் என்பார்கள். பிரேக் பிடிக்கும்போது பின் அச்சு பட்டைகளைச் சற்றே முறுக்குகிறது. வண்டி நின்று மீண்டும் கிளம்பும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து மறுபக்கம் திரும்புகிறது. அதற்கேற்பத் தண்டின் நீளமும் மாற வேண்டும். கிரீஸ் காய்ந்துபோயிருந்தால் பற்கள் வழுக்காமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இழுவிசை மிஞ்சியதும் சட்டென்று விடுபடுகின்றன. அப்போது கேட்பதும் அதே ‘கடக்’. இங்கே தளர்ந்தது ஒன்றுமில்லை, இறுகிக்கிடந்ததுதான் கோளாறு. கிரீஸ் துப்பாக்கியை வைத்து அடித்ததும் சத்தம் போய்விட்டது. ஒரே வண்டியில், ஒரே மாதிரி கேட்ட இரண்டு சத்தங்களில் ஒன்று தளர்வால் வந்தது, மற்றொன்று இறுக்கத்தால் வந்தது. இரண்டையும் ‘தளர்வொலி’ என்ற தலைப்பின் கீழ் எப்படி எழுதுவது?

ஆகவே, காரணத்தைச் சொல்லாமல் காதில் விழுவதை மட்டும் சொல்லும் சொல்லாக ‘முட்டொலி’யை முன்மொழிகிறேன். இரண்டு கடினப் பொருள்கள் ஒரு முறை முட்டி அடங்குவதால் எழும் ஒலி என்பது அதற்குரிய விளக்கம். முட்டியது எது, ஏன் முட்டியது என்பவற்றை அச்சொல் திறந்தே விடுகிறது; அவற்றைத் தேடிச் சொல்வது அத்தியாயத்தின் வேலை.

இங்கு வந்த மற்ற பரிந்துரைகளையும் எண்ணிப் பார்த்தேன். ‘கடகடப்பு’ வேறொரு சத்தத்துக்கு வேண்டும். புகைக்குழாயின் தகடு தளர்ந்துபோய் இடைவிடாமல் ஆடுவது கடகடப்பு. “இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா” என்று தொல்காப்பியம் சொல்வதை, இந்த இடத்தில் பட்டறையும் ஒப்புக்கொள்ளும்: கடகடவென்றால் தொடர்ச்சி, கடக்கென்றால் ஒற்றை, இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். ‘மொத்தொலி’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால், அவசரமாகப் படிப்பவர் அதை மொத்த ஒலி என்று கொள்வார். ‘தட்டொலி’யை இஞ்சினுக்குள் எரிபொருள் காலம் தவறி எரிவதால் எழும் தட்டலுக்கு விட்டுவைப்பது நல்லது. ‘இடியொலி’ மழைக்காலத்துக்கு உரியது.

இதனோடு ஒட்டிய இன்னொரு சொல்லையும் முடிவு செய்ய வேண்டும். தேய்மானத்தால் உண்டாகும் அசைவைப் பட்டறையில் ‘ஆட்டம்’ என்கிறார்கள்: புஷ் ஆட்டம், கிராஸ் (தண்டின் முனையிலுள்ள சிலுவை வடிவ இணைப்பு) ஆட்டம், பேரிங் ஆட்டம். அதை அப்படியே கலைச்சொல்லாக எடுத்துக்கொள்ளலாம். புதிதாக எதுவும் படைக்கத் தேவையில்லை. ஆனால், பின் அச்சின் பற்சக்கரங்களுக்கு நடுவே எண்ணெய்ப் படலத்துக்காக வேண்டுமென்றே விடப்படும் சிறு இடைவெளியையும் ஆட்டம் என்றால் குழப்பம் வரும், ஏனெனில் அது கோளாறன்று. அளவு மீறினால்தான் கோளாறு. அதற்குப் ‘பல்லிடை’ என்று தனிச்சொல் வைக்கலாம். தண்டைக் கையால் பிடித்து இருபுறமும் திருகிப் பார்க்கும்போது, கிராஸின் நான்கு முனைகளில் ஏதேனும் ஒன்று அதன் கிண்ணத்துக்குள் அசைந்தால் அது ஆட்டம். கிராஸ் அசையாமல் தண்டு முழுவதும் சற்றே திரும்பி நின்றால் அது பல்லிடை. முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது கேட்கும் முட்டொலி இந்த இரண்டில் எதனாலும் வரலாம் என்பதால், கையேட்டில் இவ்விரண்டு சொற்களும் கலந்துவிடக் கூடாது. கியரை மாற்றிச் சோதிக்கும்போது பார்ப்பவர் வண்டிக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அடியில் படுத்திருக்கக் கூடாது என்ற எச்சரிக்கையையும் அதே பக்கத்தில் தடித்த எழுத்தில் போடக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்லிப் ஜாயின்டுக்கு வந்த ‘நழுவிணைப்பு’ எனக்கு முழுச் சம்மதம். ஷாக்கிளுக்கு ‘ஊசல் தகடு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் வேலையை அச்சொல் சரியாகவே காட்டுகிறது. இருந்தாலும், உதிரிபாகக் கடையில் ஷாக்கிள் என்று கேட்டால்தான் பொருள் கைக்கு வரும் என்பதால், கையேட்டின் முதன்மைச் சொல்லாக ‘ஷாக்கிள்’ இருக்கட்டும், ‘ஊசல் தகடு’ சொல்லடைவில் இடம்பெறட்டும் என்பது என் வாக்கு. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.