பூல் டேபிள் துணியில் சாக் தூளும் கேரம் பவுடரும், பந்தும் ஒரு பக்கம் இழுக்கிறது: உதவி தேவை

திருவான்மியூர்வாசி:
வணக்கம். மூடிவிட்ட ஒரு ரிசார்ட்டிலிருந்து 8 அடி பூல் டேபிள் (பில்லியர்ட்ஸ் மாதிரி கோலால் பந்து அடித்து ஆடும் மேசை) வாங்கி, வீட்டின் தரைத்தளத்தில் போட்டிருக்கிறோம். ஸ்லேட் கல் வைத்தது, மூன்று துண்டாகப் பிரித்துக் கொண்டுவந்து பூட்டினார்கள். சாயங்காலமானால் என் வீட்டுக்காரரும் பையனும் அதைவிட்டு நகர்வதில்லை. நல்லபடியாக வைத்துக்கொள்ள ஆசை.

துணி முழுக்க, கோல் நுனியில் தேய்க்கும் நீலச் சாக்கின் தூள். பையனோடு விளையாட வந்தவர்கள் கேரம் பழக்கத்தில் போரிக் பவுடரையும் தூவிவிட்டார்கள். ஈரத்துணியால் துடைக்கலாமா? மெதுவாக அடித்தால் பந்து இடது மூலைக்கு இழுக்கிறது. முக்கோணம் வைத்துப் பந்து அடுக்கும் இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன, அவை போகுமா?

கியூ_பிரியன்:
ஈரத்துணி வேண்டாம் மேடம். துணி கம்பளியும் நைலானும் கலந்தது. தண்ணீர் பட்டால் தூள் குழம்பாகி இழைக்குள் இறங்கிவிடும், அப்புறம் எடுப்பது கஷ்டம். சாக்கில் சிலிக்கா மாதிரி நறநறப்பான பொடிகள் உண்டு. பந்து உருளும்போது அதுதான் துணியை அரிக்கிறது. துணி சீக்கிரம் நைந்துபோவதற்கு ஆட்டத்தைவிடத் தூசிதான் காரணம் என்பேன்.

முதலில் குஷனுக்கு (பந்து மோதித் திரும்பும் ரப்பர் ஓரம்) அடியில் படிந்ததை பிரஷ்ஷால் வெளியே தள்ளுங்கள். பிறகு பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) அடிக்கும் முனையிலிருந்து பந்து அடுக்கும் முனை வரை ஒரே திசையில் நீளமாக இழுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். கடைசியாக வேக்குவம். சுழலும் பிரஷ் இல்லாத வாய், குறைந்த இழுவிசை. துணியைக் கல்லிலிருந்து தூக்கும் அளவுக்கு உறிஞ்சக் கூடாது. போரிக் பவுடரையும் இப்படியே எடுங்கள், தட்டினால் உள்ளேதான் போகும்.

பந்துகளை மறக்காதீர்கள். துணியைச் சுத்தம் செய்துவிட்டு அழுக்குப் பந்தை உருட்டினால் தூள் திரும்ப வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். உடனே ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். தின்னர், அசிட்டோன் பக்கமே போக வேண்டாம்.

டேபிள்_மேஸ்திரி:
பந்தைக் கழுவிய பிறகும் இழுத்தால் மட்டம் பாருங்கள் அம்மா. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போதும். அதை டேபிளைச் சுற்றியுள்ள மரச்சட்டத்தில் வைக்காமல், துணிமேல் வையுங்கள். நடுவிலும் நான்கு மூலையிலும், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பாருங்கள். காலடியில் திருகு இருந்தால் அதைத் திருப்பலாம். இல்லையென்றால் தாழ்ந்த காலுக்கு அடியில் மெல்லிய பிளைவுட் துண்டு செருகலாம். தனியாகத் தூக்கப் பார்க்காதீர்கள், 8 அடிக் கல் டேபிள் 300 கிலோவுக்குக் குறையாது. புதிதாகப் போட்ட டேபிள் தரையில் உட்கார நாளாகும், அதனால் ஓரிரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

பந்து ஒரே இடத்தில் துள்ளினால் கல் இணைப்பு சமமாக இல்லை என்று அர்த்தம். அதற்குத் துணியைக் கழற்ற வேண்டும், ஆளைக் கூப்பிடுங்கள்.

வெள்ளைப் புள்ளி போகாது. பலமாக அடிக்கும்போது பந்து வழுக்கி, அந்தச் சூட்டில் இழை கருகியது அது. துணி மாற்றும்வரை இருக்கும், ஆட்டத்தைக் கெடுக்காது. இனிமேல் பிரேக் அடிக்கும்போது வெள்ளைப் பந்துக்கு அடியில் அதே ரகத் துணியில் சின்னத் துண்டு போடச் சொல்லுங்கள்.

பெசன்ட்நகர்_தாத்தா:
நானும் கடலோரம்தான் அம்மா. ராத்திரி மூடிவைக்கும்போது பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்காதே, ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்திப் போர்வை நல்லது. கம்பளி என்பதால் அந்துப்பூச்சியும் வரும், வாரம் ஒருமுறை குஷன் ஓரம் பார். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் துணி வெளுக்கும், குஷன் ரப்பரும் இறுகிப்போகும். திரை போடு.

திருவான்மியூர்வாசி:
எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. குஷன் அடியில் கைப்பிடிப் பவுடர் வந்தது! ஒரு கால் தாழ்ந்திருந்தது, திருகியதும் பந்து நேராகப் போகிறது. இன்னொன்று, டீ சிந்தினால் என்ன செய்வது?

கியூ_பிரியன்:
உடனே உலர்ந்த பருத்தித் துணியை வைத்து அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். சர்க்கரைப் பிசுக்கு இருந்தால், பிழிந்த வெள்ளைத் துணியால் அந்த இடத்தை மட்டும் ஒற்றி, ஃபேன் போட்டுக் காயவிடுங்கள். முழுக்கக் காயும்வரை யாரும் ஆடக் கூடாது.