பக்கத்து வீட்டுத் தொந்தரவு: ஸ்டேஷனா, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியா?

நெறியாளர்
வந்திருக்கும் கேள்வி: நாகர்கோவிலில் வாடகை ஓட்டு வீடு, ரெண்டு வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர். அந்தப் பக்கம் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் தனியாக இருக்கிறார். ராத்திரி ஒரு மணிக்கு மேல் சுவரைத் தட்டி, "என் தொட்டியில மருந்து கலக்குதானுவ" என்று சத்தம் போடுகிறார். யாரையும் அடித்ததில்லை. ஒருமுறை வாசலில் கல் வந்து விழுந்திருக்கிறது. போலீசா, ஆஸ்பத்திரியா, வீட்டைக் காலி செய்வதா? "ஊளம்பாறைக்கு (திருவனந்தபுரம் மனநல ஆஸ்பத்திரி) அனுப்பு" ரகப் பதில்கள் நீக்கப்படும்.

கோட்டாறான்
கல் விழுந்த பிறகு இன்னும் என்ன யோசனை? ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வாங்கினதுக்கான சீட்டு, வாங்கணும். அது வழக்கு இல்ல. ஆனா நாளைக்கு மண்டை உடைஞ்சா, "முன்னமே சொல்லியாச்சு"ன்னு காட்ட அந்த ஒரு தாள்தான் கையில இருக்கும். சீக்காளின்னு பாவம் பாத்துப் பாத்தே எல்லாரும் வாயை மூடிட்டு இருக்கோம். வாடகை கொடுக்கிறவனுக்கும் தூக்கம் வேணும்லா.

தக்கலை சிஸ்டர்
ரசீது வேண்டாம்னு சொல்லல அண்ணாச்சி. அதுக்கு முன்ன, இது எப்ப தொடங்கிச்சுன்னு விசாரிக்கணும். ரெண்டு மூணு நாளைக்குள்ள திடீர்னு, பகலா ராத்திரியான்னு தெரியாம உளறுனா அது மனநோயாவே இருக்காது. காய்ச்சல், சோடியம் குறையுறது, சர்க்கரை தாழ்றது எல்லாம் இப்படிக் காட்டும். தினமும் குடிக்கிறவர் நிறுத்தின ரெண்டாம் மூணாம் நாள் கை நடுங்கி, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டுட்டு இருந்தா உடனே 108. அதுல உயிரே போகும். மாசக்கணக்கா இந்த ஒரே சந்தேகம், மத்தபடி சமைக்கார், கடைக்குப் போறார்னா அது வேற. அதுக்குப் போலீஸ் ஜீப் முதல் மருந்து இல்ல.

கோட்டாறான்
பக்கத்து வீட்டுக்காரன் என்ன டாக்டரா?

தக்கலை சிஸ்டர்
பால் ஊத்துறவர்ட்ட "எப்பலேர்ந்து இப்படி"ன்னு கேட்க பட்டம் எதுக்கு? அவருக்கு அக்கா தங்கச்சி, மகன் யாராவது உண்டான்னும் அங்கேயே தெரிஞ்சிரும்.

இன்னொண்ணு, பேசும் விதம். "நான் கலக்கல"ன்னு வாதாடாதீங்க, தலையாட்டவும் செய்யாதீங்க. "பயமா இருக்கும்லா, தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களா" போதும். கையெட்டுற தூரத்துக்கு வெளியே நில்லுங்க, அவர் போற வழியை மறிக்காதீங்க. அவர் கதவைப் பாத்து கேமரா மாட்டுறது ரொம்ப மோசம். வேவு பாக்காங்கன்னு நம்புறவருக்கு நாமளே சாட்சி கொண்டு கொடுத்த மாதிரி.

வக்கீல்_பத்மநாபபுரம்
மனுவில் "பைத்தியம்" என்று எழுதாதீர்கள். நோயா இல்லையா என்று சொல்வது மருத்துவர் வேலை. நடந்ததை மட்டும் எழுதுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, வேறு யார் கேட்டது. கல்லைத் தூக்கிப் போட்டுவிடாமல், விழுந்த இடத்திலேயே பக்கத்தில் ஸ்கேல் வைத்து போட்டோ எடுங்கள். சத்தத்தை உங்கள் வீட்டுக்குள் இருந்தே பதிவு செய்யுங்கள். ரசீது தர மறுத்தால் அதே மனுவைப் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் எஸ்.பி. அலுவலகத்துக்கு அனுப்புங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம்.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 100ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் என்று நம்பக் காரணம் இருந்தால், ஸ்டேஷன் அதிகாரி அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வெறும் இரைச்சலுக்கு இது பொருந்தாது. மனுவில் கல் விஷயம் தெளிவாக இருக்க வேண்டியது அதனால்தான்.

பொதுத் தொல்லை என்று பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152இல் கோட்டாட்சியரிடம் போகலாம். ஆனால் ஒரு வீட்டின் புகார் "பொது" ஆகாது. நாலைந்து வீட்டுக் கையெழுத்து இல்லையென்றால் தள்ளிவிடுவார்கள்.

கோட்டாறான்
கொண்டுபோவாங்க சரி. ஊசி போட்டு நாலாம் நாள் திருப்பி விட்டுருவாங்க. வந்தவர் "நீதானடா என்னைப் பிடிச்சுக் கொடுத்த"ன்னு வாசல்ல நிப்பார். அதுக்கு எந்தப் பிரிவு வக்கீல் சார்?

வக்கீல்_பத்மநாபபுரம்
நியாயமான கேள்வி. சம்மதம் இல்லாமல் சேர்ப்பது 89ஆம் பிரிவு. அதற்கு அவருடைய நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும், இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். முதலில் அதிகபட்சம் 30 நாள். நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. அவர் யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர். யாருமே இல்லாத கடைசிக் கட்டத்தில் சமூக நலத்துறை. சிஸ்டர் உறவினரைத் தேடச் சொல்வது இரக்கத்துக்காக மட்டுமில்லை, சட்டமே அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

களியக்காவிளை_ஜோஸ்
ஒரு நல்ல ஜெபவீட்டுல கொண்டு விட்டா சரியாகும். மருந்தெல்லாம் தூக்கத்துக்குத்தான்.

தக்கலை சிஸ்டர்
ஜெபம் பண்ணட்டும், மாத்திரையும் போடட்டும். கட்டி வைக்கிற இடத்துல விடாதீங்க. 2001 ஆகஸ்ட் 6 ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்துல 28 பேர் செத்தது சங்கிலி கட்டியிருந்ததாலதான். இப்ப சங்கிலி போடுறதையே சட்டம் தடுக்குது.

உறவினர் கிடைச்சா முதல்ல 14416 டெலி மானஸ்ல (அரசோட மனநல உதவி போன்) பேசச் சொல்லுங்க, தமிழ்லேயே பேசலாம். பிறகு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவு, காலை ஓ.பி. வர மறுத்தா உறவினர் மட்டும் முதல்ல போய் விவரம் சொல்லி, எப்படிக் கூட்டிட்டு வரலாம்னு கேட்கலாம். ஆளைப் பாக்காம மாத்திரை எழுத மாட்டாங்க.

சொந்தக்காரங்க வழக்கமா செய்ற தப்பு, சோத்துல மாத்திரையைக் கலந்து கொடுக்கிறது. "மருந்து கலக்குதானுவ"ன்னு சொல்றவர் அதை ஒருநாள் கண்டுபிடிச்சா கதை முடிஞ்சு, பிறகு யார் கையாலயும் தண்ணி கூட வாங்க மாட்டார். மாத்திரை விழுங்காதவங்களுக்கு ரெண்டு வாரம், நாலு வாரத்துக்கு ஒருமுறை போடுற ஊசி இருக்கு, அதைக் கேளுங்க. குணம் தெரிய வாரக்கணக்குல ஆகும். நல்லாகிட்டார்னு நிறுத்தினா திரும்ப வரும்.

மார்த்தாண்டம்_ஓனர்
எல்லாரும் ஓனரை விட்டுட்டீங்க. ரெண்டு வீடும் ஒரே ஓனருக்குன்னா எழுத்துல சொல்லுங்க, வாட்ஸ்அப்பாவது. அந்த ஆள் சொந்த வீட்டுக்காரர்னா ஓனர் கையில ஒண்ணும் இல்ல. யாரா இருந்தாலும் கரண்டு, தண்ணியை நிறுத்தி விரட்டச் சொல்லாதீங்க, 2017 வாடகைச் சட்டத்துல அதுக்குத் தடை இருக்கு.

அப்புறம் இந்த மாதிரி ஓட்டு வீடுகள்ல பாதி வீட்டுக்கு நடுச்சுவர் ஓடு வரை எட்டாது. மேல ஒண்ணரை அடி இடைவெளி இருக்கும், சத்தம் அது வழியாத்தான் வருது. ஓனர்ட்ட கேட்டு அதைச் செங்கல் வச்சு அடைச்சு ரெண்டு பக்கமும் பூசுங்க. சுவர்ல தட்டுறது அதுலயும் கேட்கும். கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாத்தி, நடுச்சுவர்ல அலமாரியை ஒரு சாண் தள்ளிப் போடுங்க.

கோட்டாறான்
அதைவிடக் காலி பண்ணுறது மலிவு.

மார்த்தாண்டம்_ஓனர்
ஒத்தின்னா அவ்வளவு லேசா வெளிய வர முடியுமா அண்ணாச்சி? வாடகைன்னா ஒப்பந்தத்துல உள்ளபடி எழுத்துல நோட்டீஸ் கொடுத்து, சாவி கொடுக்கும் நாள் ஈ.பி. மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுங்க. பாக்கி கழிச்சு ஒரு மாசத்துல அட்வான்ஸ் திரும்பணும். கடைசி மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லிட்டுப் போறதுலதான் பாதி சண்டை வருது.

நெறியாளர்
கேள்வி கேட்டவர் ரெண்டு விவரம் சொல்லவும்: தட்டுவது எப்போது தொடங்கியது? அவர் இருப்பது சொந்த வீடா, வாடகையா?