புதுப்பிப்பு: கம்யூனிட்டி காலேஜில் கடைசியில் எதை எடுத்தேன்

ஓவியமா, அனிமேஷனா, நாடகமா என்று போன செமஸ்டருக்கு முன் இங்கே புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. "முதலில் கையால் வரை" என்றவர்கள் பேச்சைக் கேட்டு அடிப்படை ஓவியத்தில் சேர்ந்தேன். வரைவதற்காக எதிரே நிற்கும் மாடல் 30 விநாடிக்கு ஒரு தோற்றம் காட்டுவார். மாடல் அசைவதற்குள் தோள், இடுப்பு, எடை விழும் கால் எல்லாம் தாளில் வந்துவிட வேண்டும். முதல் வாரம் எனக்கு வந்தது குச்சி பொம்மைதான்.

ஏன் இந்தப் பாடு என்பது அனிமேஷன் வகுப்புக்கும் போனபோதுதான் புரிந்தது. திரையில் நொடிக்கு 24 பிரேம், அதாவது அடுத்தடுத்து மாறும் 24 அசையாப் படங்கள். வரைந்த ஒரு படத்தையே இரண்டு பிரேமுக்கு வைத்தால் நொடிக்கு 12 படம் வரைந்தால் போதும். ஆனால் எடை எந்தக் காலில் என்று தெரியாமல் வரைந்தால் உருவம் நடக்காது, மிதக்கும். என்னுடையது மிதந்தது. (சாஃப்ட்வேர் மேல் பழி போட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை.)

நாடகம் அடுத்த செமஸ்டர். நடிக்க இல்லை, மேடை விளக்கு போட.